பறக்கக் கற்பித்த விமானம்

தாம்பரம் இரயில் நிலையத்திற்குக் கிழக்கே, சேலையூருக்கும் மாடம்பாக்கத்திற்கும் அண்மையில், இந்திய விமானப்படையின் நிலையம் ஒன்று உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்த ஓடுதளம் அது. அந்நிலையத்தில் விமானப்படைக்குரிய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று நடைபெறுகிறது. 1948-ஆம் ஆண்டு அம்பாலாவில் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, 1954-ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகள் நாட்டில் வேறு பல உள்ளன. இப்பள்ளியின் வேலை அதுவன்று. ஓட்டுவதில் தேர்ந்தவரை வருவித்து, ஓட்டுவதைப் பிறர்க்குக் கற்பிப்பது எப்படி என்று இங்கே கற்பிக்கின்றனர். ஆசிரியர்களை உண்டாக்கும் இப்பள்ளியில் பல ஆண்டுகள் பயன்பட்ட ஒரு சிறு விமானத்தைப் பற்றியே இப்பாடத்தில் கூறப் புகுகின்றேன். எச்.டி. 2 என்பது அதன் பெயர்.

நான் சேலையூர்ப் பக்கத்தில் சிறுவனாய்ப் படித்த நாளில் அவ்விமானம் எங்கள் பள்ளிக் கூரைக்கு மேலே நாள்தோறும் பறக்கும். அதன் ஒலி பெரிய ஜெட் விமானத்தின் முழக்கம் போன்றதன்று. விரைவாக ஓடும் தையற்பொறியின் ஒலியைச் சற்றுப் பெருக்கினாற்போல இருக்கும். எங்கள் தமிழாசிரியர் புணர்ச்சி இலக்கணம் நடத்துங்கால் அவ்வொலி தலைக்கு மேல் வந்தால், சுண்ணக்கட்டியைக் கையிற் பிடித்தபடியே பேசாது நிற்பார். ஒலி அகன்றபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சில வேளைகளில் ஒலி மெல்ல மெல்லக் குறையாமல், அறுத்துவிட்டாற்போலத் திடீரென அடங்கிவிடும். விமானம் விழுந்துவிட்டது என்று அஞ்சி நாங்கள் அனைவரும் சன்னலுக்கு ஓடுவோம். அது விழுந்திராது. ஓசையின்றி வயல்களை நோக்கித் தாழ்ந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் மீண்டும் ஒலியெழுப்பி மேலே ஏறும். ஏன் இவ்வாறு நிகழ்ந்தது என்பதை நான் பல்லாண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

சென்னையின் தென்புறத்திற்கும் சிறு விமானங்களுக்கும் உள்ள உறவு பழமையானது. 1910-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பார், சிம்ப்சன் கம்பெனியார் செய்து கொடுத்த ஓர் இரட்டையடுக்குச் சிறகு விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கச் செய்தார். ஆயினும், அவ்விமானம் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் பிறந்தது. எச்.டி. 2-ஓ ஒரு நாட்டின் தேவையால் பிறந்தது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில், நம் விமானப்படையில் சேரும் இளைஞர்கள் முதன்முதலில் 'டைகர் மாத்' என்னும் ஆங்கிலேய விமானத்திலேயே பறக்கக் கற்றனர். 1931-இல் முதன்முதல் பறந்த விமானம் அது. எஃகுக் குழாயாலும் மரத்தாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் துணி போர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குச் சிறகு வைத்து, இடையே கம்பிகளால் இழுத்துக் கட்டிய அமைப்பு. ஓட்டுவோர் இருக்கைக்கு மேற்கூரை இல்லை. ஆசிரியர் மாணவனோடு பேசுவதற்கு ஒரு குழாயே துணை. நல்ல விமானமே எனினும் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதனை விடுத்து வேறொன்றை அயல்நாட்டிலிருந்து வாங்குவதா, நாமே ஆக்கிக்கொள்வதா என்ற வினா எழுந்தது. 1948-ஆம் ஆண்டின் இறுதியில், பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு, புதிய பயிற்சி விமானம் ஒன்றை வடிவமைக்க இசைவு கிடைத்தது.

அத்தொழிற்சாலை 1940-ஆம் ஆண்டு வால்சந்து ஹீராசந்து என்னும் தொழிலதிபரால், மைசூர் அரசின் துணையோடு நிறுவப்பட்டது. போர்க்காலத்தில் அங்கே நிகழ்ந்தவை பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலைகளே. பிறர் வரைந்த படத்தைப் பார்த்து ஒரு பொருளைச் செய்வது வேறு. வெறுந்தாளின் முன் அமர்ந்து, சிறகு இத்துணை நீளம், வால் இத்துணை அகலம் என்று தாமே முடிவு செய்வது வேறு. பின்னதைச் செய்யத் துணிந்தவர் முனைவர் விஷ்ணு மாதவ் காட்கே. கோலாப்பூர்ப் பகுதியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த அவர், ஜெர்மனியின் காட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டில் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். காற்று ஒரு பரப்பின்மேல் ஓடும்போது, அப்பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் எவ்வாறு இயங்குகிறது, எப்போது பரப்பைவிட்டுப் பிரிகிறது என்பதை 1904-இல் விளக்கியவர் பிராண்டில். அந்தப் பிரிவுதான் விமானத்தை வீழச்செய்யும் பெருங்காரணம். எனவே, காற்றின் குணத்தை அறிந்த ஆசிரியரிடம் கற்ற மாணாக்கரே, பின்னர் மாணாக்கர்க்குரிய விமானத்தை வடித்தார் என்க.

முதல் எச்.டி. 2 விமானம் 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெங்களூரில் வானில் எழுந்தது. அதனை ஓட்டியவர் கேப்டன் ஜம்ஷெட் முன்ஷி. முன்பு ஒருவரும் ஓட்டியிராத விமானத்தை முதன்முறை ஓட்டுபவருக்கு ஆசிரியர் இல்லை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். அவ்விமானத்தில் 'ஜிப்ஸி மேஜர்' என்னும் எஞ்சின் இருந்தது. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பறந்த இரண்டாம் விமானத்தில் 155 குதிரைத்திறன் உள்ள 'சிர்ரஸ் மேஜர்' எஞ்சினைப் பொருத்தினர். அதுவே நிலைத்தது. பின்னர் ஏறத்தாழ 170 விமானங்கள் செய்யப்பட்டன. நம் நாட்டினர் வடிவமைத்து, அத்தொழிற்சாலையில் தொடர்ச்சியாக உற்பத்தியான முதல் விமானம் இதுவே. ஆப்பிரிக்காவில் கானா நாடு 1959-இல் தன் விமானப்படையைத் தொடங்கியபோது, பயிற்சிக்காக 12 எச்.டி. 2 விமானங்களை நம்மிடமிருந்து பெற்றது.

இனி அதன் உடலமைப்பைக் காண்போம். நீளம் 7.53 மீட்டர். சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 10.72 மீட்டர். ஆளும் எரிபொருளும் இல்லாதபோது எடை 699 கிலோகிராம். எல்லாம் ஏற்றியபின் மிகுதியாக 1,016 கிலோகிராம். முழுதும் உலோகத்தால் ஆனது. துணியும் கம்பியும் இல்லை. உடலின் அடிப்பக்கத்திலிருந்து இருபுறமும் நீளும் ஒற்றைச் சிறகு, வெளித்தாங்கல் ஏதுமின்றித் தன் வலிமையாலேயே நிற்கும். டைகர் மாத்தின் இரண்டடுக்குச் சிறகுகளின் பரப்பு ஏறத்தாழ 22 சதுர மீட்டர். இதன் சிறகோ 16 சதுர மீட்டரே. இதனால், இதன் சிறகு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 63 கிலோகிராம் சுமக்கிறது. டைகர் மாத்தின் சிறகு சுமப்பது 37 கிலோகிராம்தான். சுமை மிகுந்த சிறகு விரைந்து செல்ல வேண்டும். விரைவு குறைந்தால் தாங்காது. டைகர் மாத்தில் பழகியவர் இதில் ஏறியவுடன் முதலில் உணர்ந்த வேறுபாடு இதுவாகவே இருந்திருக்கும்.

எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் தலைகீழாகத் தொங்கும். மோட்டார் வண்டிகளில் சிலிண்டர் மேலும் சுழல்தண்டு கீழும் இருக்கும். இங்கே தண்டு மேலே, சிலிண்டர்கள் கீழே. மூக்கின் மேற்புறம் தாழ்ந்து ஓட்டுபவரின் பார்வைக்கு வழி விடுவதும், முன்னுள்ள சுழல்விசிறி தரையில் இடிக்காமல் உயர்ந்து நிற்பதும் இதனால் வரும் நன்மைகள். எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீரன்று, எதிர்வரும் காற்றே.

இதன் மிகுவேகம் மணிக்கு 209 கிலோமீட்டர். இயல்பாகச் செல்லும் வேகம் 185. ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் 563 கிலோமீட்டர் செல்லும். தாம்பரத்திலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இரண்டு மணிக்குச் சற்று மிகுதியான நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம். ஆனால் எரிபொருள் நிரப்பாமல் திரும்பி வருதல் இயலாது. இன்றைய நோக்கில் இவை சிறிய எண்களே. பயிற்சி விமானத்தை அதன் வேகத்தால் மதிப்பிடுவது, ஓர் ஆசிரியரை அவர் நடக்கும் வேகத்தால் மதிப்பிடுவது போலாகும்.

எதனால் மதிப்பிட வேண்டும்? மாணவன் செய்யும் சிறு பிழைக்குப் பயிற்சி விமானம் அவனைக் கொன்றுவிடக் கூடாது. பிழையை அவன் அறியாதவாறு மறைத்துவிடவும் கூடாது. பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியனுக்கு உவமையாகக் கூறும் பொருள்களுள் நிறைகோலும் ஒன்று. நிறுக்க வைத்த பொருள் எத்துணைச் சிறிதாயினும் கோல் உடனே சாய்ந்து காட்டும்; ஆனால் முறிந்து விழாது. எச்.டி. 2-இன் அமைப்பில் இப்பண்பு எவ்வாறு இருந்தது என்பதற்கு இரண்டு காட்டுகள் தருவேன்.

முதலாவது, அதன் சக்கரங்கள். இக்காலப் பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் மூக்கின்கீழ் ஒரு சக்கரமும் பின்னே இரண்டும் கொண்டவை. எச்.டி. 2-இல் முன்னே இரண்டு சக்கரங்கள், வாலின்கீழ் ஒரு சிறு சக்கரம். ஆகவே, தரையில் நிற்கும்போது மூக்கு வானை நோக்கும். ஓட்டுபவருக்கு நேரே முன்னுள்ள பாதை தெரியாது. பாம்புபோல் வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தே செல்லவேண்டும். மேலும், விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னே அமைகிறது. காய்கறி விற்கும் தள்ளுவண்டியை முன்னின்று இழுத்தால் அது நேராகத் தொடர்ந்து வரும். அதனையே பின்னின்று தள்ளினால், சிறு கோணலும் வளர்ந்து வண்டி பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். எச்.டி. 2 தரையில் ஓடுவது இரண்டாம் வகை. இறங்குங்கால் மூக்கு ஒரு விரற்கடை கோணினாலும், மிதிகளால் சுக்கானை உடனே இயக்கி அதனைத் திருத்த வேண்டும். ஒரு நொடி தாழ்த்தால் விமானம் தன்னைத்தானே சுற்றிச் சிறகு தரையில் உரசும். விமானம் முற்றிலும் நின்ற பிறகே ஓட்டம் முடிந்தது என்று மாணவன் இதனிடம் கற்றான். கால்கள் சோம்பியிருக்க இவ்விமானம் இடங்கொடுக்கவில்லை.

இரண்டாவது, வானில் அது சறுக்கும் முறை. சிறகு காற்றைச் சற்றுச் சாய்வாக எதிர்கொள்வதால் மேல்நோக்கிய தூக்குவிசை பிறக்கிறது. சாய்வை மிகுத்தால் விசையும் மிகும். ஆனால் ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் சாய்த்தால், சிறகின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பரப்பைவிட்டுப் பிரிந்து சுழல்கிறது. பிராண்டில் விளக்கிய பிரிவு இதுவே. தூக்குவிசை திடீரெனக் குன்றுகிறது; மூக்கு தாழ்கிறது. விமானிகள் இதனை 'ஸ்டால்' என்பர். எஞ்சின் நின்றுபோவதன்று இது. எஞ்சின் முழுவிசையுடன் ஓடினாலும் நிகழக்கூடியது. அவ்வேளையில் ஒரு சிறகு மற்றதற்கு முன்னரே தளர்ந்தால், விமானம் அப்பக்கமாகக் கவிழ்ந்து, பம்பரம்போற் சுழன்றுகொண்டே கீழ்நோக்கி விழும். இது 'ஸ்பின்' எனப்படும்.

சுழன்று விழும்போது கண்முன் தரை மட்டுமே தெரியும், அதுவும் சுழலும். அந்நிலையில் மனிதனின் கை தானாகச் செய்வது பிடிகோலைத் தன்பால் இழுப்பதே. மூக்கை மேலே தூக்க வேண்டும் என்று உடல் கூவுகிறது. இழுத்தால் சாய்வு மிகும், காற்று மீண்டும் ஒட்டாது, சுழற்சி நீங்காது. செய்யத்தக்கது இதற்கு நேர்மாறானது. எஞ்சின் விசையைக் குறைத்து, சுழலும் திசைக்கு எதிர்ப்பக்க மிதியை முழுதும் அழுத்தி, தரையை நோக்கிக் கோலை முன்னே தள்ள வேண்டும். சுழற்சி நின்றபின் மிதியை நடுவில் நிறுத்தி, மெல்ல இழுத்து நிமிர வேண்டும். இதனை வகுப்பறையில் நூறுமுறை எழுதச் சொல்லியும் பயனில்லை. உயரத்திற்குக் கொண்டுபோய், வேண்டுமென்றே சுழலவிட்டு, மாணவனையே மீட்கச் செய்ய வேண்டும். எச்.டி. 2 அவ்வேலைக்கென ஆக்கப்பட்ட விமானம்.

இந்த இடத்திலேதான் தாம்பரத்துப் பள்ளியின் அருமை விளங்கும். எச்.டி. 2-இல் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. இரண்டிலும் பிடிகோல் உண்டு, மிதிகள் உண்டு. இரண்டும் உள்ளே இணைக்கப்பட்டவை. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். மாணவன் கோலை எவ்வளவு இழுக்கிறான், எவ்வளவு நடுங்குகிறான் என்பதை ஆசிரியர் அவன் முகத்தைப் பாராமலே தம் முன்னுள்ள கோலைக்கொண்டு அறிவார். அவன் பிழை செய்கிறான். அவர் உடனே கோலைப் பற்றித் திருத்திவிடலாம். திருத்திவிட்டால் விமானம் தப்பும். ஆனால் அவன் ஒன்றும் கற்கமாட்டான். திருத்தாமல் மிகுதியும் பொறுத்திருந்தால் இருவரும் இறப்பர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள காலம் சில நொடிகளே. அது எத்தனை நொடி என்பது மாணவனுக்கு மாணவன், உயரத்திற்கு உயரம், காற்றுக்குக் காற்று மாறுபடும்.

தாம்பரத்திற்கு வருபவர் ஏற்கெனவே தேர்ந்த விமானி. அவருடைய இடையூறே அவருடைய தேர்ச்சிதான். எதனை எப்படிச் செய்கிறார் என்று அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்கிறது. (தமிழைத் தாய்மொழியாகப் பேசுபவரிடம் வல்லினம் மிகும் இடங்களைக் கேட்டால் விழிப்பதும் இதனாலேயே.) எனவே, விமானத்தை ஓட்டிக்கொண்டே, ஒவ்வொரு செயலையும் அது நிகழும் அந்நொடியிலேயே, சொல் மிகாமலும் குறையாமலும் வாய்விட்டுக் கூற அவர் பழக வேண்டும். சொல் முந்தினாலும் பிந்தினாலும் கேட்பவன் குழம்புவான். பின்னர், மூத்த ஆசிரியர் ஒருவர் மாணவன் இடத்தில் அமர்ந்து, புதிய மாணவர் செய்யும் பிழைகளையெல்லாம் வேண்டுமென்றே செய்வார். கோலை இறுகப் பிடிப்பார், சுக்கானை மறப்பார், தரையை எட்டுமுன்னரே விமானம் தளரும்படி இழுத்துவிடுவார். எந்தப் பிழையைப் பேச்சால் திருத்தலாம், எதனைக் கையால் திருத்த வேண்டும் என்று பயில்பவர் முடிவு செய்தல் வேண்டும். மாணவனாக நடிப்பதிலும் தேர்ச்சி வேண்டும்போலும்!

எங்கள் பள்ளிக்கு மேலே ஒலி அடங்கியதன் காரணத்தை இப்போது கூறலாம். எஞ்சின் நின்றுவிட்டால் என் செய்வது என்பது ஒவ்வொரு விமானியும் கற்க வேண்டிய பாடம். ஆசிரியர் முன்னறிவிப்பின்றி விசைக் கைப்பிடியைப் பின்னே இழுத்து எஞ்சினை அடக்கிவிடுவார். மாணவன் உடனே மூக்கைத் தாழ்த்தி, சறுக்குவதற்குரிய வேகத்தைக் காத்து, காற்றின் திசையை நோக்கி, இறங்குதற்கேற்ற வயல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயலை அணுகியபின், இறங்காமலே விசையைக் கூட்டி மேலேறுவர். அந்நாளில் இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்களின் ஏரிகளை அடுத்து நெல்வயல்கள் பரந்து கிடந்தன. தேர்ந்தெடுக்க இடத்திற்குக் குறைவில்லை. இன்று அவ்வயல்களின் பெரும்பகுதியில் வீடுகள் நிற்கின்றன. நாங்கள் சன்னலருகே அஞ்சி நின்ற அந்நேரத்தில், மேலே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, மற்றொருவர் எந்த வயலைத் தேர்வு செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எச்.டி. 2 விமானங்கள் 1980-களின் இறுதிவரை உழைத்தன. அவற்றின்பின் எச்.பி.டி. 32 'தீபக்' என்னும் விமானம் வந்தது. அது 2009-இல் நிறுத்தப்பட்டது. 2013 முதல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பிலாட்டஸ் விமானங்கள் அப்பணியைச் செய்துவருகின்றன. பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட எச்.டி.டி. 40 என்னும் புதிய பயிற்சி விமானம் 2016-இல் முதன்முதல் பறந்தது. பழைய எச்.டி. 2 ஒன்றைக் காண விரும்புவோர் பெங்களூரில் உள்ள அத்தொழிற்சாலையின் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். அதன் முன்னே நின்றால், இத்துணைச் சிறியதா என்று வியப்பீர்கள்.

தாம்பரத்தில் பயின்ற ஆசிரியர்கள், பீதர் போன்ற இடங்களிலிருந்த தொடக்கப் பயிற்சிப் பள்ளிகளுக்குச் சென்று இளைஞர்களுக்குக் கற்பித்தனர். அங்கே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நாள் வரும். ஒன்றாகப் பறந்து இறங்கியதும், ஆசிரியர் எஞ்சினை நிறுத்தச் சொல்லாமல், தம் இருக்கையிலிருந்து இறங்கி, வெற்று இருக்கையின் வார்களைக் கோலில் சிக்காதவாறு இறுக்கிக் கட்டிவிட்டு, "ஒரு சுற்றுச் சுற்றி வா" என்று கூறி நடந்துவிடுவார். மாணவன் தனியே ஓடுதளத்திற்குச் செல்வான். முன்பு செய்ததையே செய்வான். ஆனால் விமானம் அவன் எதிர்பார்த்த இடத்திற்கு முன்னரே தரையைவிட்டு எழும். வழக்கத்தினும் விரைந்து ஏறும். வான்குடையோடு சேர்த்து ஆசிரியரின் எடை ஏறத்தாழ 90 கிலோகிராம் எனக் கொண்டால், முழுச்சுமையில் அது பதினொன்றில் ஒரு பங்கு. அவர் உடன் இல்லை என்பதை மாணவனுக்கு முதலில் உணர்த்துவது விமானமே. கீழே ஓடுதளத்தின் ஓரத்தில் ஆசிரியர், வெயிலுக்குக் கையைப் புருவத்தின்மேல் வைத்தபடி, மூன்று சக்கரங்களும் மீண்டும் தரையைத் தொடும்வரை அண்ணாந்து நின்றுகொண்டிருப்பார்.